பாய்மரப் படகில் இன்ஜின் நின்றால், விளக்கு அணைந்தால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பினாங்கிலிருந்து லங்காவிக்குச் சுமார் 60 கடல் மைல். அவ்வளவு தூரத்தையும் பாயை மட்டும் நம்பிக் கடக்க முடிகிற நாள்கள் குறைவு. மலாக்கா நீரிணையில் காற்று திடீரென்று படுத்துவிடும், நீரோட்டம் நிற்காது. அதனால் இந்தப் பக்கம் பாய்மரப் படகு வைத்திருக்கும் எல்லாருக்கும் இன்ஜினும் பேட்டரியும் தெரிந்திருக்க வேண்டும். என்னுடையது 30 அடிப் படகு. இரண்டு சிலிண்டர் டீசல் இன்ஜின், 12 வோல்ட் மின்சாரம். புதிதாகப் படகு வாங்கியவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

நான் பார்த்தவரை, பெரும்பாலான கோளாறுகள் இன்ஜினுக்கு வெளியேதான் இருக்கின்றன. டீசல் வரும் வழி, கடல் தண்ணீர் வரும் வழி, மின்சாரம் வரும் வழி, இந்த மூன்றில் ஏதோ ஓர் இடத்தில் அடைப்போ கசிவோ களிம்போ இருக்கும். அந்த வழியை ஒரு முனையிலிருந்து தொட்டுக்கொண்டே போனால் கண்டுபிடித்துவிடலாம்.

நடுக்கடலில் இன்ஜின் நின்றுவிட்டது. முதலில் எதைப் பார்ப்பது?

படகைச் சுற்றிலும் பாருங்கள். கப்பல் வருகிறதா? கரை எவ்வளவு தூரம்? நீரோட்டம் எந்தப் பக்கம் தள்ளுகிறது? கொஞ்சம் காற்று இருந்தாலும் பாயை ஏற்றி, படகைக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவாருங்கள். காற்றே இல்லை, ஆழமும் குறைவு என்றால் நங்கூரத்தைப் போடுங்கள். படகு பத்திரமான பிறகுதான் இன்ஜின் மூடியைத் திறக்க வேண்டும். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். கீழே ஸ்பேனரோடு குனிந்திருக்கும்போது படகு பாறைப் பக்கம் போய்க்கொண்டிருக்கும்.

அடுத்து, அது எப்படி நின்றது என்று நினைவுபடுத்திப் பாருங்கள். பாதி விடை அதில் இருக்கிறது. சத்தம் ஏறி இறங்கி, திணறித் திணறி நின்றதென்றால் டீசல் வரவில்லை. "டொக்" என்று ஓர் அடியோடு சட்டென்று நின்றதென்றால் புரொப்பல்லரில் கயிறோ வலையோ சிக்கியிருக்கலாம். சூட்டு அலாரம் அடித்த பிறகு நின்றதென்றால் குளிர்விக்கும் தண்ணீரில் சிக்கல்.

சாவியைத் திருப்பினால் "டக்" என்று ஒரு சத்தம். செல்ஃப் எடுக்கவில்லை. ஸ்டார்ட்டர் மோட்டார் போய்விட்டதா?

போயிருக்கலாம். ஆனால் அதைக் கடைசியில் சந்தேகப்படுங்கள். உள்ளே ஒரு விளக்கைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். விளக்கு மங்கி அணைகிறதா? அப்படியானால் பேட்டரியில் சார்ஜ் இல்லை, அல்லது பேட்டரி முனை சரியாகப் பிடிக்கவில்லை. விளக்கு அப்படியே பிரகாசமாக இருக்கிறதா? பேட்டரி நன்றாக இருக்கிறது, மின்சாரம் ஸ்டார்ட்டருக்குப் போய்ச் சேரவில்லை.

இனி மல்டிமீட்டர். முழுதாகச் சார்ஜ் ஆன 12 வோல்ட் லெட்-ஆசிட் பேட்டரி, சில மணி நேரம் சும்மா இருந்த பிறகு சுமார் 12.7 வோல்ட் காட்டும். 12.2 என்றால் ஏறக்குறைய பாதி காலி. 12.7 காட்டுகிறதே என்று நிம்மதி அடைந்துவிடாதீர்கள். ஸ்டார்ட்டர் சுற்றும்போதும் பார்க்க வேண்டும். அப்போது 10 வோல்ட்டுக்கும் வெகுவாகக் கீழே விழுந்தால் பேட்டரி களைத்துவிட்டது.

பேட்டரி நன்றாக இருந்தால் வழியைச் சோதியுங்கள். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவ் ஈயக் கட்டை மேலேயே வையுங்கள், கிளாம்ப் மேல் வேண்டாம். மறுமுனையை ஸ்டார்ட்டரின் தடித்த ஒயர் போல்ட்டில் வைத்துச் சாவியைத் திருப்புங்கள். அங்கே அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் இடையில் எங்கோ களிம்பு பிடித்த இணைப்பு இருக்கிறது. காரணம் எளிய கணக்கு: ஸ்டார்ட்டர் 100 ஆம்பியர் இழுக்கும்போது, நூறில் ஒரு பங்கு ஓம் தடை இருந்தாலே 1 வோல்ட் போய்விடும். கண்ணால் பார்த்தால் இணைப்பு சுத்தமாகத்தான் தெரியும். எர்த் பக்கத்தையும் இதே மாதிரி சோதியுங்கள், பேட்டரி நெகட்டிவிலிருந்து இன்ஜின் உடம்பு வரை. எல்லாரும் பாசிட்டிவையே நோண்டிக்கொண்டிருப்பார்கள். என் படகில் இரண்டு முறை கோளாறு எர்த்தில்தான் இருந்தது.

பழைய யான்மார் இன்ஜின் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. சாவி இருக்கும் பலகையிலிருந்து சொலினாய்டு (ஸ்டார்ட்டரை இயக்கிவிடும் மின்காந்தச் சுவிட்ச்) வரை வரும் மெல்லிய ஒயர் பல மீட்டர் நீளம், நடுவில் பிளக் இணைப்புகளும் உண்டு. வயதாக ஆக அதில் வோல்டேஜ் குறைந்து, சொலினாய்டு பாதிதான் இழுக்கும். ஐந்து தடவை திருப்பினால் ஒரு தடவை எடுக்கும். ஸ்டார்ட்டர் பக்கத்தில் ஒரு ரிலே (சின்ன மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்துவிடும் சுவிட்ச்) வைத்தால் தீர்ந்துவிடும். இது தெரியாமல் புது ஸ்டார்ட்டர் வாங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் இன்ஜின் பிடிக்கவில்லை. ஏன்?

நிறுத்தும் கேபிளை இழுத்தபடியே விட்டிருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். அடுத்து டேங்கின் டீசல் வால்வு. இரண்டும் சரி என்றால் பெரும்பாலும் குழாயில் காற்று புகுந்திருக்கும். டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை அழுத்தினால் அது சூடாகும், அந்தச் சூட்டில் பீய்ச்சிய டீசல் தானே எரியும். பீய்ச்ச வேண்டிய இடத்தில் காற்றுக் குமிழி இருந்தால், பம்ப் அந்தக் குமிழியைத்தான் அமுக்கிக்கொண்டிருக்கும். டீசல் போகாது.

ஏர் எடுப்பது கடினமான வேலை இல்லை. இன்ஜின் மேலிருக்கும் ஃபில்டரின் ஏர் ஸ்க்ரூவை ஒரு சுற்றுத் தளர்த்தி, டேங்கிலிருந்து டீசலை இழுக்கும் லிஃப்ட் பம்ப்பின் சின்னக் கைப்பிடியை மேலும் கீழும் அடியுங்கள். முதலில் நுரை வரும், அப்புறம் குமிழி இல்லாத டீசல் வரும். ஸ்க்ரூவை மூடுங்கள். அடுத்து இன்ஜெக்‌ஷன் பம்ப்பில் இருக்கும் ஸ்க்ரூவிலும் இதே வேலை. அதற்கும் மசியவில்லை என்றால், சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரின் முனையில் இருக்கும் குழாய் நட்டுகளைக் கொஞ்சம் தளர்த்தி, டீசல் கசியும் வரை ஸ்டார்ட்டரைச் சுற்றவிட்டு இறுக்க வேண்டும். அந்த இடத்தில் வெறுங்கையை வைக்காதீர்கள். அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். லிஃப்ட் பம்ப் கைப்பிடி பிடிப்பே இல்லாமல் ஆடினால், இன்ஜினுக்குள் சுற்றும் கேமின் மேடு அதை ஏற்கெனவே அமுக்கிப் பிடித்திருக்கிறது என்று பொருள். இன்ஜினை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடி முயலுங்கள். ஏர் ஸ்க்ரூக்களை முரட்டுத்தனமாக இறுக்காதீர்கள், சுலபமாக முறிந்துவிடும்.

இன்னொரு எச்சரிக்கை, இது மிக முக்கியம். இன்ஜின் பிடிக்காமல் ஸ்டார்ட்டர் மட்டும் சுற்றும்போதும் கடல் தண்ணீர்ப் பம்ப் வேலை செய்துகொண்டேயிருக்கும். அந்தத் தண்ணீரை வெளியே தள்ள எக்ஸாஸ்ட் புகை இல்லை. சைலன்சர் நிரம்பி, தண்ணீர் பின்வழியாகச் சிலிண்டருக்குள் ஏறிவிடும். அதனால் சில தடவைக்குள் பிடிக்கவில்லை என்றால் கடல் தண்ணீர் வால்வை மூடிவிட்டு முயலுங்கள். பிடித்த அடுத்த நொடியே வால்வைத் திறக்க ஓர் ஆளை அதன் பக்கத்தில் உட்கார வையுங்கள். இல்லையென்றால் தண்ணீர் இல்லாமல் ஓடிய பம்ப்பின் இம்பெல்லர் (தண்ணீரைத் தள்ளும் ரப்பர்ச் சக்கரம்) கிழிந்துவிடும்.

துறைமுகத்தில் நன்றாக ஓடும் இன்ஜின், அலை எழும்பினால் நின்றுவிடுகிறது. இது என்ன மாயம்?

டேங்கின் அடியில் அழுக்கு இருக்கிறது. அமைதியான தண்ணீரில் அது அடியிலேயே கிடக்கும். படகு ஆடினால் கலங்கி, ஃபில்டருக்கு வந்து அடைத்துக்கொள்ளும். அதாவது இன்ஜின் மிகவும் தேவைப்படும் நேரம் பார்த்துத்தான் நிற்கும். எனக்கு இது பங்கோர் தீவுக்குப் பக்கத்தில் நடந்தது. விடிவதற்கு முன்னால், சுமத்ரா பக்கமிருந்து வந்த புயல் மழை அடங்கிக்கொண்டிருந்தது. அரைப் பாயை ஏற்றிவிட்டுக் கீழே போய் ஃபில்டர் கிண்ணத்தைக் கழற்றினேன். உள்ளே கறுப்பாக, வழவழவென்று, ஊறிய சப்ஜா விதையை அரைத்த மாதிரி ஒரு கூழ். அதைக் கொட்டி, புது ஃபில்டர் போட்டேன். இருபது நிமிடத்தில் மறுபடி அடைத்தது. கையில் இருந்தது மொத்தம் இரண்டே ஃபில்டர். அன்றிலிருந்து ஆறுக்குக் குறையாமல் வைத்திருக்கிறேன்.

அந்தக் கூழ் நுண்ணுயிரிகளின் வேலை. டேங்கில் பாதி டீசல், பாதி காற்று என்றால் ஈரக் காற்றிலிருந்து தண்ணீர் திரண்டு அடியில் தங்கும். தண்ணீரும் டீசலும் சந்திக்கும் கோட்டில் பாக்டீரியாவும் பூஞ்சையும் வளரும். வெப்பமான நாட்டில் இன்னும் வேகமாக வளரும். மலேசியாவில் பம்ப்பில் கிடைக்கும் டீசலில் பனை எண்ணெயிலிருந்து வரும் பயோடீசல் கலந்திருக்கிறது. பயோடீசல் சாதாரண டீசலைவிட அதிகமாகத் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், கிருமிக்கும் நல்ல தீனி. ஆகவே டேங்கை முடிந்தவரை நிரப்பியே வையுங்கள். ராகோர் போன்ற கண்ணாடிக் கிண்ணம் உள்ள ஃபில்டரை டேங்குக்கும் இன்ஜினுக்கும் நடுவில் வைத்து, அடியில் தேங்கும் தண்ணீரைத் திறந்துவிடுங்கள். கிருமிநாசினி ஊற்றலாம். ஆனால் செத்த கூழும் ஃபில்டரைத்தான் அடைக்கும். டேங்கைத் திறந்து கழுவுவதே சரியான தீர்வு. ஒருநாள் முழுக்க நாற்றத்தில் கிடக்க வேண்டிய வேலைதான். செய்து முடித்த பிறகு கடலில் வரும் நிம்மதிக்கு ஈடே இல்லை.

டீசல் அடிக்கும் டெக் மூடியின் ரப்பர் வளையத்தையும் பாருங்கள். அது வெடித்திருந்தால் மழைத் தண்ணீர் நேராக டேங்குக்குள் போகும்.

சூடு ஏறுகிறது. எக்ஸாஸ்டில் தண்ணீர் குறைவாக வருகிறது. என்ன செய்வது?

உடனே வேகத்தைக் குறைத்து, முடிந்தால் நிறுத்திவிடுங்கள். இன்ஜின் ஓடும் ஒவ்வொரு முறையும் பின்பக்கம் எட்டிப் பார்த்து, தண்ணீர் துப்புகிறதா என்று கவனிக்கும் பழக்கம் வேண்டும். சூட்டு முள் ஏறுவதற்கு முன்பே சத்தம் மாறிவிடும். தண்ணீர் இல்லாத எக்ஸாஸ்ட் வறட்டுச் சத்தம் போடும்.

தண்ணீர் வரும் வழி இது: அடிப்பலகை வால்வு, சல்லடை, இம்பெல்லர் பம்ப், ஹீட் எக்ஸ்சேஞ்சர் (இன்ஜினுக்குள் சுற்றும் நன்னீரைக் கடல் தண்ணீரால் குளிர்விக்கும் பாகம்), அப்புறம் எக்ஸாஸ்ட்டோடு கலக்கும் முழங்கைக் குழாய். வால்வை மூடி, சல்லடைக்கு வரும் ஹோஸைக் கழற்றி, வால்வைக் கொஞ்சம் திறந்து பாருங்கள். பலமாகப் பீய்ச்சினால் வெளியே அடைப்பு இல்லை. சொட்டினால், பிளாஸ்டிக் பையோ ஜெல்லி மீனோ சிப்பியோ வாயை அடைத்திருக்கிறது. இங்கே கடல் தண்ணீரே 29, 30 டிகிரி இருப்பதால் சிப்பி வேகமாக ஒட்டும். இரண்டு மாதம் ஓடாமல் கிடந்த படகில் முதலில் இதைத்தான் பார்ப்பேன்.

வெளியே சரி என்றால் இம்பெல்லர். மூடியைத் திறந்து இதழ்களை எண்ணுங்கள். ஓர் இதழ் குறைந்தால், புது இம்பெல்லர் போட்டதோடு வேலை முடிந்துவிடாது. உடைந்த துண்டு எங்கே போனது? அநேகமாக ஹீட் எக்ஸ்சேஞ்சரின் வாயில் உட்கார்ந்திருக்கும். அதை எடுக்காவிட்டால் ஒரு மாதம் கழித்து இதே சூடு திரும்ப வரும். புது இம்பெல்லரில் கொஞ்சம் கிளிசரினோ சோப்புத் தண்ணீரோ தடவிப் போடுங்கள். முதல் சில சுற்று வறண்டு ஓடும்போது அது காப்பாற்றும்.

எல்லாம் சரியாக இருந்தும் முழு வேகத்தில் மட்டும் சூடு ஏறினால் முழங்கைக் குழாயைக் கழற்றிப் பாருங்கள். உப்பும் கரியும் சேர்ந்து உள்ளே சுண்டுவிரல் நுழையும் ஓட்டைதான் மிச்சமிருக்கும். இன்ஜினைக் குளிர்விக்கும் நன்னீர்த் தொட்டியின் மூடியைச் சூடாக இருக்கும்போது திறக்கவே கூடாது. கொதிக்கும் தண்ணீர் முகத்தில் அடிக்கும்.

புகையின் நிறத்தை வைத்து என்ன சொல்லலாம்?

கரும்புகை என்றால் டீசல் முழுதாக எரியவில்லை. ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம், அல்லது சிப்பி பிடித்த புரொப்பல்லரும் அடிப்பாகமும் இன்ஜினுக்குப் பாரமாக இருக்கலாம். நீலப்புகை என்றால் ஆயில் எரிகிறது. வெண்புகையில் இரண்டு வகை. டீசல் வாடை அடித்தால் எரியாத டீசல். வாடை இல்லாமல் மறைந்துபோனால் நீராவி, ஆகவே தண்ணீர் வரும் வழியைப் பாருங்கள்.

டிப்ஸ்டிக்கில் ஆயில் பால் காப்பி மாதிரி இருக்கிறது.

தண்ணீர் கலந்துவிட்டது. இன்ஜினை ஸ்டார்ட் செய்யாதீர்கள். சிலிண்டரில் தண்ணீர் நின்றால் அதை அமுக்க முடியாது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். காரணத்தைக் கண்டுபிடித்து, சிலிண்டரிலிருந்து தண்ணீரை வெளியேற்றி, கையால் சுற்றிப் பார்த்து, அப்புறம் ஆயிலை இரண்டு மூன்று முறை மாற்ற வேண்டும். இதில் நேரம் முக்கியம். உப்புத் தண்ணீர் உள்ளே ஒரு வாரம் கிடந்தால் இன்ஜினே போய்விடும். எக்ஸாஸ்ட் பக்கம் வளைந்து ஏறி இறங்கும் ஹோஸின் உச்சியில் ஒரு காற்று வால்வு இருக்கும். அது உப்பில் அடைத்துக்கொண்டால், இன்ஜின் நின்ற பிறகும் தண்ணீர் தானாக உறிஞ்சப்பட்டு உள்ளே போகும். பலர் அந்த வால்வைத் திறந்து பார்த்ததே இல்லை.

இரவு நங்கூரத்தில் இருந்தால் காலையில் பேட்டரி காலி. பேட்டரி மோசமா?

கணக்குப் போடுங்கள். 12 வோல்ட் ஃபிரிட்ஜ் ஓடும்போது சுமார் 5 ஆம்பியர் இழுக்கும். பாதி நேரம் ஓடினாலே ஒரு நாளைக்கு 60 ஆம்பியர்-மணி. இழை பல்பு போட்ட 10 வாட் நங்கூர விளக்கு 12 மணி நேரத்தில் 10 ஆம்பியர்-மணி. 100 ஆம்பியர்-மணி லெட்-ஆசிட் பேட்டரியில் பாதியைத்தான் எடுக்கலாம், அதற்கு மேல் எடுத்தால் அதன் ஆயுள் சீக்கிரம் முடியும். ஆக, உங்கள் பேட்டரி மேல் தப்பே இல்லாமல் இருக்கலாம். நங்கூர விளக்கை எல்இடியாக மாற்றுவதுதான் ரொம்ப மலிவான முதல் வைத்தியம்.

எல்லாவற்றையும் அணைத்த பிறகும் காலியாகிறதென்றால் எங்கோ கசிகிறது. பேட்டரி நெகட்டிவில் மீட்டரை ஆம்பியர் அளவில் தொடராக இணைத்து, ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். எதைப் பிடுங்கும்போது முள் விழுகிறதோ அந்த வழியில் கோளாறு. மீட்டர் இப்படி இணைந்திருக்கும்போது ஸ்டார்ட்டரைத் தொட்டுவிடாதீர்கள், மீட்டர் எரிந்துவிடும். இன்ஜினுக்கென்று தனிப் பேட்டரி வைத்து, படகுக்குள் எரியும் விளக்கும் ஃபிரிட்ஜும் அதைத் தொடாதபடி பிரித்துவிட்டால் இந்தப் பயத்தில் பாதி போய்விடும். ஆனால் படகின் அடியில் (பில்ஜில்) தேங்கும் தண்ணீரை வெளியேற்றும் பில்ஜ் பம்ப் மட்டும் மெயின் சுவிட்சுக்கு வெளியே, தனி ஃப்யூஸோடு எப்போதும் பேட்டரியில் இணைந்திருக்க வேண்டும்.

இன்ஜின் ஓடுகிறது, சார்ஜ் ஏறவில்லை.

ஓடும்போது பேட்டரி முனையில் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை இருக்க வேண்டும். 12.5-லேயே நின்றால் பெல்ட்டைப் பாருங்கள். சுற்றிலும் கறுப்புத் தூள் இருந்தால் பெல்ட் வழுக்குகிறது. அடுத்து, சார்ஜ் எச்சரிக்கை விளக்கு. இன்ஜின் சுற்றும்போது மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டர்கள் பலவற்றில் அந்தச் சின்ன பல்பு வழியாக வரும் மின்சாரம்தான் சார்ஜைத் தொடங்கி வைக்கிறது. பல்பு பியூஸ் போனால் சார்ஜும் தொடங்காது. இன்ஜின் ஓடும்போது பேட்டரி சுவிட்சை "ஆஃப்" பக்கம் திருப்பவே திருப்பாதீர்கள். ஒரு நொடி போதும், ஆல்டர்னேட்டரின் டயோடுகள் எரிந்துவிடும்.

லித்தியம் பேட்டரிக்கு மாறுகிறவர்கள் கவனிக்க: அது கிடைக்கும் மின்சாரத்தையெல்லாம் வாங்கிக்கொள்ளும். சாதாரண ஆல்டர்னேட்டர் அந்தச் சுமையில் நெடுநேரம் ஓடினால் கருகிவிடும். நடுவில் சார்ஜைக் கட்டுப்படுத்தும் கருவி வேண்டும்.

மாஸ்ட் (பாய்மரத் தூண்) விளக்கு ஒரு நாள் எரிகிறது, ஒரு நாள் எரியவில்லை.

உப்புக் காற்று செம்பைத் தின்கிறது. ஒயரின் முனையைச் சீவிப் பாருங்கள், செம்பு கறுத்தோ பச்சைக் களிம்பு பூத்தோ இருந்தால் அந்த ஒயர் முடிந்தது. களிம்பு உறைக்கு உள்ளேயே வெகுதூரம் ஏறியிருக்கும். வீட்டு ஒயரிங் ஒயரைப் படகில் போடாதீர்கள். வெள்ளீயம் பூசிய பல இழைச் செம்பு ஒயர்தான் வேண்டும். விலை அதிகம், ஆனால் தாங்கும். முனைகளைக் கிரிம்ப் செய்து (இடுக்கியால் நசுக்கிப் பிடித்து), உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாயால் மூடுங்கள். சால்டரிங் பற்றவைப்பை மட்டும் நம்பினால், பற்றவைத்த இடம் விறைத்து, அதிர்வில் அதன் ஓரத்தில் முறிந்துவிடும். பேட்டரியிலிருந்து கிளம்பும் பாசிட்டிவ் ஒயர்களுக்கு, பேட்டரியிலிருந்து 7 அங்குலத்துக்குள் ஃப்யூஸ் வைப்பது அமெரிக்கப் படகுத் தர விதி, ஸ்டார்ட்டர் ஒயருக்கு மட்டும் விலக்கு உண்டு. படகுத் தீ பல நேரம் ஃப்யூஸ் இல்லாத ஒயரில்தான் தொடங்குகிறது.

மெரினாவில் கட்டிய பிறகு துத்தநாகக் கட்டி சீக்கிரம் கரைகிறது.

அந்தக் கட்டி, புரொப்பல்லர் போன்ற உலோகங்களுக்குப் பதிலாகத் தான் அரிபடுவதற்காகப் படகடியில் மாட்டுவது. கரை மின்சாரத்தை இணைத்தால், அதன் எர்த் ஒயர் வழியாக உங்கள் படகும் பக்கத்துப் படகுகளும் ஒன்றாகப் பிணைந்துவிடும். கடல் தண்ணீர் நடுவில் இருக்க, எல்லாம் சேர்ந்து ஒரு பெரிய பேட்டரி ஆகிவிடும். பக்கத்துப் படகின் உலோகத்துக்காக உங்கள் துத்தநாகம் கரையும். கால்வானிக் ஐசொலேட்டர் என்ற கருவியை எர்த் வழியில் வைத்தால் இது குறையும். எர்த் ஒயரை வெட்டிவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இங்கே கரை மின்சாரம் 240 வோல்ட். எர்த் இல்லாத படகில் கசிவு ஏற்பட்டால் ஆளைக் கொல்லும். மெரினா தண்ணீரில் நீந்துவதும் இதே காரணத்தால் ஆபத்து.

இடி மின்னல் வரும்போது என்ன செய்யலாம்?

மலாக்கா நீரிணையில் இது அடிக்கடி வரும் கவலை. கையடக்க ஜிபிஎஸ், விஹெச்எஃப் ரேடியோவை இரும்பு ஓவன் அடுப்புக்குள் வைப்பது பலரின் வழக்கம். முழுப் பாதுகாப்பு என்று சொல்ல முடியாது, ஆனாலும் நான் வைக்கிறேன். மாஸ்டையும் கம்பிகளையும் தொடாமல் உள்ளே இருங்கள். மின்னல் தாக்கிவிட்டால், கருகிய கருவிகளைப் பார்ப்பதற்கு முன் பில்ஜைப் பாருங்கள். மின்னல் அடிப்பலகையின் வால்வுகள் வழியாக வெளியேறி ஓட்டை போட்டிருக்கலாம். காம்பஸையும் சரிபாருங்கள், காந்தம் மாறியிருக்கக்கூடும்.

எப்போது மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும்?

ஆயில் அழுத்தம் விழுந்தால், உள்ளே உலோகம் அடிக்கும் சத்தம் கேட்டால், ஆயில் மட்டம் தானாக ஏறியிருந்தால், 240 வோல்ட் பக்கம் எதுவாக இருந்தாலும் கூப்பிட்டுவிடுங்கள். இன்ஜெக்‌ஷன் பம்ப்பை நீங்களே பிரிக்காதீர்கள். மெக்கானிக் வரும்போது கூடவே உட்கார்ந்து பாருங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒருமுறை புது ஹீட் எக்ஸ்சேஞ்சர் வேண்டும் என்று சொன்னார்கள். பழையதை வீட்டுக்கு எடுத்துப் போய் முனை மூடியைத் திறந்தேன். உள்ளே மூன்று இம்பெல்லர் இதழ்கள் இருந்தன. கழுவி, புது ரப்பர் வளையம் போட்டு வைத்திருக்கிறேன். இப்போது அதுதான் படகின் உபரி பாகம்.